தனிப் பியானோ பதிவு: மைக் எங்கே நின்றால் என்ன கேட்கும்?

பியானோவின் ஒலி ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. 88 கட்டைகள், இருநூற்றுச் சொச்சம் கம்பிகள், அடியில் அகலமான ஒலிப்பலகை, மேலே ஒலியைத் திருப்பி அனுப்பும் மூடி. இத்தனையும் ஒன்றாகக் கலக்கக் கொஞ்சம் தூரம் தேவை. பக்கத்தில் வைத்தால் தெளிவு கூடும் என்பது பாதி உண்மைதான். அங்கே தெளிவாக விழுவது ஒரு மூலை மட்டும்.

நல்ல அறையில் கிராண்ட் பியானோ என்றால் தொடக்கம் இப்படி: மூடி நீளக் குச்சியில் முழுசாகத் திறந்திருக்கட்டும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் இரண்டு ஓம்னி மைக், இடைவெளி 40 முதல் 60 செ.மீ. வளைந்த பக்கத்திலிருந்து 1.5 முதல் 2 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து சுமார் 1.7 மீட்டர் உயரத்தில், கம்பிகளின் நடுப்பகுதியைப் பார்த்தபடி. கம்பியை அடிக்கும் ஹேமரின் சத்தம் குத்துகிறதா? கட்டைகளுக்கு எதிர்முனையான வால் பக்கம் நகர்த்துங்கள். மங்கலாக இருக்கிறதா? கட்டைப் பக்கம். ஒரு தடவைக்கு 10, 15 செ.மீ. போதும். தூரத்தையும் உயரத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

ஸ்டாண்டைத் தூக்குமுன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நடந்து பாருங்கள். வாசிப்பவர் அதே எட்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். குனிந்தும் கேளுங்கள், நிமிர்ந்தும் கேளுங்கள்.

—

மேலே சொன்னது பெரிய அறைக்குச் சரி. கூரை தாழ்ந்த சின்ன அறையில் 2 மீட்டரில் ஓம்னி வைத்தால் பெட்டிக்குள் வாசித்த மாதிரிதான் வரும். அங்கே முன்பக்கத்தை அதிகமாகக் கேட்கும் கார்டியாய்டு ஜோடி நல்லது: ஓ.ஆர்.டி.எஃப் என்ற ஸ்டீரியோ முறையில் மைக் முனைகளுக்கிடையே 17 செ.மீ., கோணம் 110 டிகிரி, பியானோவிலிருந்து ஒரு மீட்டர். இதற்கும் விலை உண்டு. கார்டியாய்டு தள்ளி நின்றால் கீழ்ஸ்தாயி மெலியும், கிட்டே போனால் ஊதிக்கொள்ளும். இடது கோடிக் கட்டையின் அடிப்படை அதிர்வு 27.5 ஹெர்ட்ஸ்; அந்த ஆழத்தை ஓம்னி தருகிற மாதிரி கார்டியாய்டு தராது.

அறை எதிரொலியை அடக்க மூடியைக் குட்டைக் குச்சியில் வைக்கிறார்கள். வேண்டாம். மூடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒலி சிக்கி, குடத்துக்குள் பேசுவது போல ஆகும்.

தரையையும் மறந்துவிடுகிறார்கள். ஒலி கிளம்பும் உயரம் 1 மீட்டர், மைக் 1.7 மீட்டர், இடைத்தூரம் 2 மீட்டர் என்று வையுங்கள். நேர்வழி 2.12 மீட்டர், தரையில் பட்டு வரும் வழி 3.36. வித்தியாசம் 1.24 மீட்டர், இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதால் 138 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியில் ஒரு பள்ளம். இடது கை வாசிக்கும் இடத்தில் ஒன்றிரண்டு சுரம் மட்டும் சோகையாகக் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பியானோ அகலமானது என்பதால் பள்ளம் கணக்கில் வரும் அளவு கூர்மையாக இருக்காது, ஆனால் இருக்கும். மெல்லிய கம்பளம் மேல் அதிர்வெண்களைத்தான் உறிஞ்சும், இதைத் தொடாது. மைக்கின் உயரத்தை மாற்றுவதே வழி.

—

மைக்கை மூடிக்குள் வைப்பவர்களுக்கு: கம்பி அதிர்வதை நிறுத்தும் டாம்பர்களைத் தாண்டி, கம்பிகளுக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. ஒன்று மேல்ஸ்தாயிக்கு, ஒன்று கீழ்ஸ்தாயிக்கு. ஹெட்ஃபோனில் பிரமாதமாக விரியும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி மோனோவில் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

ஒரு கம்பியிலிருந்து இரண்டு மைக்குக்கும் உள்ள தூர வித்தியாசம் 34 செ.மீ. என்றால் தாமதம் 1 மில்லிசெகண்ட். இரண்டையும் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குறைந்துபோகும். எடிட்டிங்கில் ஒரு டிராக்கை நகர்த்திச் சரிசெய்யலாமே என்று தோன்றும். முடியாது. ஒவ்வொரு கம்பிக்கும் தூர வித்தியாசம் வேறு. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று பிரியும். மைக்குகளுக்கு இடையே உள்ள தூரம், மைக்குக்கும் ஒலிமூலத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்கிற மூன்றுக்கு ஒன்று விதியும் இங்கே முழுசாகக் காப்பாற்றாது, இரண்டு மைக்கும் கேட்பது ஒரே வாத்தியத்தைத்தான். ஒழுங்காக வேண்டுமென்றால் இரண்டு முனைகளையும் ஒரே இடத்தில் வைத்து 90 டிகிரியில் எக்ஸ்-ஒய். விரிவு குறையும், மோனோ கெடாது.

—

கம்பிகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோ பற்றி இன்னும் சொல்லவில்லையே. முதலில் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது இழுங்கள். மேல்மூடியைத் திறந்து மேலிருந்து பதிவு செய்தால் ஹேமர் சத்தம் தூக்கலாக வரும். முன்பலகையைக் கழற்றிவிட்டு, வாசிப்பவரின் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் மைக் வைத்தால் சமநிலை மேல். பின்னாலுள்ள ஒலிப்பலகையிலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒன்று வைத்தால் ஒலிக்கு உடம்பு கிடைக்கும், ஆனால் அது பின்பக்க உத்தரங்களுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. முன் மைக்கோடு கலக்கும்போது பின் மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழ் திசையை, திருப்பிக் கேளுங்கள். பலகை ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கிறது. எந்த நிலையில் கீழ்ஸ்தாயி நிறைகிறதோ அது சரி.

—

மைக் இடம் கிடைத்த பிறகும் கெடுப்பவை: பெடல் மிதிக்கும் 'தொப்', நாற்காலிக் கிறீச்சு, ஏ.சி. உறுமல். பெடல் அடி தரை வழியாக ஸ்டாண்டில் ஏறும். மைக்குக்கு அதிர்வைத் தாங்கும் ஷாக் மவுண்ட் போடுங்கள், ஸ்டாண்டின் காலடியில் ரப்பர் வையுங்கள். அதற்குப் பதில் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போட்டு அதற்குக் கீழே வெட்டினால் கீழ்ஸ்தாயியும் கூடவே போய்விடும்.

லெவல்: 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபெல். சோதனையில் வாசிப்பதைவிட டேக்கில் எல்லோரும் பலமாகவே அடிப்பார்கள்.

சுருதி அன்றைக்கே சேர்த்திருக்க வேண்டும். பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று கம்பிகள். அதில் ஒன்று இம்மி நழுவினாலும் நீண்ட சுரம் அலைபாயும். கிட்ட வைத்த மைக் அதை இரட்டிப்பாகக் காட்டும்.

—

ஒரு சின்னச் சேர்க்கை. ஸ்டாண்டின் கால்கள், பியானோவின் சக்கரங்கள் இரண்டையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். உயரத்தை அளந்து எழுதுங்கள், படமும் எடுங்கள். மறுநாள் நாலு வரி மட்டும் திரும்ப வாசித்து ஒட்ட வேண்டி வந்தால், 5 செ.மீ. தள்ளிப்போன மைக்கில் எடுத்தது ஒட்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.