புதுப்பிப்பு: குறைமாதக் குழந்தைக்குப் பல்ஸ் ஒக்சிமீற்றர், முன்பு எழுதியதில் ஒரு திருத்தம்

பிறவி இதயக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, இரத்தத்தின் ஒட்சிசன் அளவைத் தோல்வழியே காட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றரால், பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் வலது கையிலும் ஒரு காலிலும் அளக்க வேண்டும், இரண்டும் 95 வீதத்துக்குக் குறையாமல், வித்தியாசம் 3க்கு மேற்படாமல் இருந்தால் சரி என்று முன்பு எழுதியிருந்தோம். அது நிறைமாதக் குழந்தைக்கான கணக்கு. ஒட்சிசன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தையில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அங்கே அளவையே 95ஐத் தாண்டாமல் நாம்தான் பிடித்து வைக்கிறோம். ஒட்சிசனை நிறுத்தி, சாதாரணக் காற்றில் அளவு நிலைத்த பிறகு, வீட்டுக்கு அனுப்பும் முன் அளவிடுங்கள். 90க்குக் கீழே போனால் மறுபடி அளந்து நேரத்தைப் போக்காமல் உடனே வைத்தியரை அழையுங்கள்.

ஏன் வலது கை என்று கேட்டிருந்தார்கள். அதற்கான இரத்தம், டக்டஸ் (நுரையீரல் நாடியைப் பெருநாடியோடு இணைக்கும், பிறந்தபின் மூடவேண்டிய குழாய்) பெருநாடியில் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. இடது கை நம்பகமில்லை.

பிழை பெரும்பாலும் புரோபில்தான், அதாவது கையிலோ காலிலோ சுற்றும் உணரியில்தான். குழந்தை ஒளிச்சிகிச்சை விளக்கின் கீழ் படுத்திருந்தால் புரோபை ஒளிபுகாத துணியால் மூடுங்கள். கால் குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்றுங்கள். இறுக்கிச் சுற்றினால் மெல்லிய தோல் புண்ணாகும், அளவும் கெடும். திரையில் நாடி அலை சீராகும் வரை எண்ணை எழுத வேண்டாம்.

திறந்தே கிடக்கும் டக்டஸ் இதில் அகப்படாது: இரத்தம் இடமிருந்து வலமாக, அதாவது பெருநாடியிலிருந்து நுரையீரல் நாடிக்குப் பாய்வதால் கையும் காலும் ஒரே அளவு காட்டும். உள்ளங்கையில் துள்ளும் நாடி, மேல், கீழ் இரத்த அழுத்தங்களுக்கிடையே அகன்ற இடைவெளி, கூடிவரும் சுவாசத் தேவை ஆகியவை சந்தேகத்துக்குப் போதும். உறுதிசெய்வது படுக்கையருகே எடுக்கும் எக்கோ (இதய ஒலி அலைப் படம்) மட்டுமே. பெருநாடிக் குறுக்கமும் தப்பிவிடலாம், ஆகவே தொடை நாடியைத் தொட்டுப் பார்ப்பதை விடாதீர்கள். கொழும்பில் சிறுவர் இதய சிகிச்சைக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலை இருக்கிறது.