ஆக்ஸிமீட்டரை விரலிலிருந்து எடுக்க முடியவில்லை

பனியன்நகர் (2021 மே 27)

வயது 43. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் பார்க்கிறேன். கொரோனா ஊரடங்கால் கம்பெனி மூடிக் கிடக்கிறது. போன மாதம் எங்கள் செக்கிங் டேபிளில் இருக்கும் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு இது பிடித்துக்கொண்டது.

பகலில் ஒன்றுமில்லை. இரவு படுத்ததும் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது. எழுந்து ஆக்ஸிமீட்டரை மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 98. அடுத்த விரலில் 97. அந்த ஒன்று எங்கே போனது என்று விடியும்வரை யோசனை. சமையலறைக்குப் போய் சாம்பார்பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறேன், வாசனை தெரிகிறதா என்று. மகள், "என்னப்பா, மறுபடியும் மாட்டிட்டியா?" என்கிறாள். டெஸ்ட் எடுத்தாயிற்று, நெகட்டிவ். வாட்ஸ்அப்பில் யாருடைய ஸ்டேட்டஸைத் திறந்தாலும் கண்ணீர் அஞ்சலி. தினசரி தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டிவிட்டது என்று டிவியில் சொன்னதும் கை கால் நடுங்கியது.

இது கொரோனாவா, ஹார்ட்டா, மனசா? மனநல டாக்டரிடம் போகலாமா? மாத்திரை ஆரம்பித்தால் விடவே முடியாது என்கிறார்களே?

இரவுப்பணி

அண்ணா, நான் கோவிட் வார்டில் செவிலியர். 98, 97 எல்லாம் ஒரே கணக்குதான். அந்தக் கருவியே இரண்டு புள்ளி அப்படி இப்படிக் காட்டும். விரல் ஜில்லென்று இருந்தாலோ, மருதாணி வைத்திருந்தாலோ தப்பாகவும் காட்டும். அசையாமல் உட்கார்ந்து பார்த்தும் 94-க்குக் கீழேயே நின்றால் உடனே கிளம்புங்கள். மற்றபடி அதை உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை அவர் பார்க்கட்டும்.

பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது உடம்பிலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். விரல் நுனி மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அந்த நேரத்தில் இழுத்து இழுத்து மூச்சு வாங்காதீர்கள், வெளியே விடுவதை மெதுவாக நீட்டுங்கள். ஆனால் 43 வயதில் நெஞ்சு இறுகுகிறது என்றால் மனசுதான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓவர்லாக்

நானும் திருப்பூர்தான், பீஸ் ரேட் டெய்லர். ரேஷன் கடையில் கொரோனா நிவாரணமாகக் கொடுத்த 2000 ரூபாய் வாடகைக்கே பத்தவில்லை. தூக்கம் எனக்கும்தான் இல்லை. இதற்கு மாத்திரை போட்டால் மாத்திரையா வாடகை கட்டும்?

ஈரோடு மஞ்சள்

ஓவர்லாக் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். கூலி இல்லாத கவலையை நோய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே கம்பெனி திறந்தாலும் எழுந்து போகத் தெம்பு இல்லாமல் கிடந்தால் அதற்கு வைத்தியம் வேண்டும். போன வருட ஊரடங்கில் நான் அப்படித்தான் கிடந்தேன். பல் துலக்குவதே மலையாகத் தெரிந்தது.

பனியன்நகர், எனக்கு டாக்டர் கொடுத்தது எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை. முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, தூக்கம் இன்னும் கெட்டது. பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆனது. இதற்கு அடிமையாகிவிட மாட்டீர்கள், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். பழகிப்போகும் என்று பயப்பட வேண்டியது அல்பிரசோலம் மாதிரி பதற்றத்தை உடனே அடக்கும் மாத்திரைகளுக்குத்தான். மெடிக்கலில் தெரிந்த பையன் கொடுக்கிறான் என்று அதை வாங்கிப் போடாதீர்கள்.

ஊருக்குத் தெரியுமே என்று தயங்கினால் போனிலேயே ஆரம்பிக்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் 080-46110007 இலவசம், நம் அரசின் 104 உதவி எண்ணிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு தலைகாட்டினால் மட்டும் நாள் கடத்தாதீர்கள், அன்றைக்கே பெரியாஸ்பத்திரி.

பனியன்நகர் (ஜூன் 4)

ஈசிஜி நார்மல். 104-க்கு அடித்தேன், அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் சொல்லி மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர்! இரண்டு பேரும் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு தெரியாத மாதிரி நின்றோம், அப்புறம் அவரே "தூக்கமா?" என்றார்.

பயத்துக்காகப் போனேன், டாக்டரோ சாப்பாடு, தூக்கம், எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்றுதான் அதிகம் கேட்டார். மகள் கேரம்போர்டு விளையாடக் கூப்பிட்டும் எத்தனை வாரமாகப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கிறதாம். மஞ்சள் அண்ணா, உங்களுக்குக் கொடுத்த அதே மாத்திரை. வயிற்றைப் புரட்டுகிறது. சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

ஈரோடு மஞ்சள்

எப்படிப் போட்டாலும் வேலை செய்யும். வயிறு புரட்டுவதால் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், தினமும் ஒரே நேரம். எனக்குக் காலை டிபனுக்குப் பின்னால்தான் ஒத்துக்கொண்டது. அடுத்த தடவை போகும்போது புரட்டலை டாக்டரிடம் சொல்லுங்கள், ஓவர்லாக் தம்பியையும் கூட்டிப்போங்கள்.