குளிசையும் காலைத் தேத்தண்ணியும்: எங்கள் தைரொய்ட் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். 2019 இல் எனக்கு தைரொய்ட் குறைவு என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஒரு வருடம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கொழும்பு வெக்கையில் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இருக்க, நான் மட்டும் சால்வை போர்த்திக்கொண்டிருப்பேன். வேலைக் களைப்பு என்றார்கள், நானும் நம்பினேன்.

இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 14 காட்டியது. தைரொய்ட் குறைந்தால் இந்த எண் கூடும், தைரொய்ட் கூடினால் இது குறையும். குறைந்த தைரொய்ட் ஹோர்மோனை ஈடுசெய்யும் தைரொக்சின் குளிசை 50 மைக்ரோகிராம் எழுதித் தந்தார்கள். ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனாலும் மூன்று மாதம் கழித்து 9. அளவைக் கூட்டினார்கள், அப்போதும் பெரிதாக இறங்கவில்லை. கிளினிக்கில் ஒரு தாதிதான், "காலையில எழும்பினதில இருந்து என்ன செய்யிறீங்க, ஒன்றும் விடாமல் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன்: ஆறு மணிக்கு மாமி பால்மா கரைத்த தேத்தண்ணி கொண்டு வருவார், அதோடு தைரொய்ட் குளிசை, கையோடு கல்சியம் குளிசை. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். அவற்றுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். பால், தேத்தண்ணி, கோப்பி எல்லாம் அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும், ஒரு மணித்தியாலம் என்றால் இன்னும் நல்லது. இப்போது 5.15க்கு அலாரம் வைத்திருக்கிறேன். தலைமாட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர், குளிசை அட்டை. முன்பு அட்டை அடுப்புக்கு மேல் தட்டில் இருந்தது. சூடும் ஈரமும் அந்த மருந்துக்கு ஆகாது. "வெறும் வயித்தில குளிசை போட்டால் எரியும் பிள்ளை" என்று மாமி முதலில் பயந்தார். இப்போது அவரே தேத்தண்ணியை 6.15க்குத்தான் ஊற்றுகிறார். எட்டு வாரத்தில் டிஎஸ்எச் 3க்கு வந்தது, குளிசை அளவை மேலும் கூட்டாமலே.

தைரொய்ட் இருந்தால் எதைச் சாப்பிடலாம், எதை விட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கோவாவையும் மரவள்ளிக்கிழங்கையும் தொடாதே என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. அவற்றில் உள்ள சில பொருட்கள் அயடீனைத் தைரொய்ட் எடுத்துக்கொள்வதைத் தடுப்பது உண்மைதான், ஆனால் அவித்தால் அந்தத் தன்மை வெகுவாகக் குறையும். அவித்த மரவள்ளியும் கட்டச் சம்பலும் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. சோயாவும் குளிசை உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம், அதனால் சோயா மீட் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும். மீனும் முட்டையும் தைரொய்டுக்குத் தேவையான செலீனியம் என்ற தாதுச்சத்துக்காகவும் சேர்க்கிறேன். எனக்கு வந்தது ஹஷிமோட்டோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொய்டைத் தாக்கும் நோய். எந்தக் கீரையும் அதைத் திருப்பிவிடாது. குளிசையை நிறுத்திவிட்டுக் கடற்பாசிப் பொடி குடியுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அளவு மிஞ்சிய அயடீன் இந்த நோயை இன்னும் மோசமாக்கும்.

மாலையில் மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடக்கிறேன். தைரொய்டுக்கு அது மருந்தில்லை, ஆனால் இரவில் நித்திரை வருகிறது.

*

வெள்ளவத்தை அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது உடம்புக்கு நல்லது என்று இளஞ்சிவப்பு இமயமலை உப்புக்கு மாறினேன். அதில் பெரும்பாலும் அயடீன் சேர்ப்பதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் 1995 இலிருந்து கடை உப்பில் அயடீன் சேர்க்கிறார்கள், அதனால் நாங்கள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250 தேவை. பழைய உப்புக்கே திரும்பிவிட்டேன். மூடி போட்ட போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில்தான் போடுகிறேன், சூட்டில் அயடீன் குறையும் என்பதால்.

இன்னொன்று. கர்ப்பம் என்று தெரிந்த உடனே தைரொக்சின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், முதல் மாதங்களில் பிள்ளையின் மூளை தாயின் தைரொய்டை நம்பித்தான் வளர்கிறது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைப் பகல் சாப்பாட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

*

நான் இன்னொரு ஆள், நானும் தைரொக்சின் குடிக்கிறேன். எனக்கு முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற விட்டமின் குடித்தேன். இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் மிகக் குறைவு என்று வந்து, குளிசையைக் குறைத்துவிட்டார்கள், இரண்டு மாதம் எழும்பவே முடியாமல் கிடந்தேன். பயோட்டின் சில பரிசோதனைகளைப் பிழையாகக் காட்டும். இரத்தம் எடுக்க முன் இரண்டு நாளாவது நிறுத்துங்கோ, குடிப்பதை டொக்டரிடம் சொல்லுங்கோ.

*

மேலே எழுதிய வெள்ளவத்தை ஆள்தான். விரதத்துக்கு என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி தனியாகக் கேட்டிருந்தார். கந்தசஷ்டி ஆறு நாளும் நான் குளிசையை விடவில்லை. 5.15க்குத் தண்ணீரோடு போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன்.