மலையிலிருந்து இறங்கும்போது காது அடைக்கிறது, எண்ணெய் விடலாமா?

நானுஓயா வாசகி:
நுவரெலியாவிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு பஸ்ஸில் இறங்கும்போது பிள்ளைகளுக்குக் காது அடைத்து வலிக்கிறது. ஏறும்போது இவ்வளவு இல்லை. ஏன்? வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் விட்டால் சரியாகும் என்கிறார்கள்.

செவிப்பறை:
எண்ணெய் போகிற இடம் வேறு, அடைக்கிற இடம் வேறு அக்கா. பெரியவர்களுக்குக் காதுத் துளை சுமார் 2.5 சென்ரிமீற்றரில் செவிப்பறையோடு முடிந்துவிடும். அடைப்பு அதற்குப் பின்னால், நடுக்காதில். அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு யூஸ்டேகியன் குழாய் போகிறது. பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறக்கும்.

நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏறும்போது நடுக்காதுக் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடிச் செவிப்பறை உள்ளே இழுபடும், குழாயின் வாயும் ஒட்டிக்கொள்ளும். விழுங்கினால்தான் திறக்கும். பிள்ளைகளின் குழாய் ஒடுக்கமானது, தடிமன் பிடித்தால் இன்னும் சீக்கிரம் அடைபடும்.

மலைக்காற்று:
வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். இறக்கம் தொடங்கும்போதே பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. ஓரிரு நிமிடத்துக்கு ஒரு மிடறு தண்ணீர் போதும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்கலாம். பொத்தியபடி மூக்கால் ஊதுவதென்றால் மிக மெதுவாக; சளி இருக்கும்போது பலமாக ஊதினால் அது நடுக்காதுக்கே போய்விடும்.

மூக்கடைப்பு இருந்தால், கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் முக்கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, புறப்படுமுன் ஒவ்வொரு மூக்குத் துளையிலும் சில சொட்டு விட்டுச் சிந்தச் சொல்லுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கரைப்பதே நல்லது.

நானுஓயா வாசகி:
அப்படியென்றால் எண்ணெய் எதற்குமே உதவாதா?

செவிப்பறை:
இறுகிய குறும்பியை இளக்க உதவும். சுத்தமான தேங்காயெண்ணெய், 2 அல்லது 3 சொட்டு, நாளுக்கு இரண்டு தடவை, 3 முதல் 5 நாள். போத்தலை உள்ளங்கையில் பிடித்துச் சூடேற்றினால் போதும். அதிகச் சூடோ குளிரோ தலைசுற்றலைத் தரும். விட்டபின் 5 நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பூண்டு வேண்டவே வேண்டாம், துளையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும்.

காதில் சீழ், இரத்தம், செவிப்பறையில் ஓட்டை, முன்பு காதில் அறுவைச் சிகிச்சை, இதில் எது இருந்தாலும் ஒரு சொட்டும் விடக்கூடாது. கோழி இறகு, ஹேர்பின், பஞ்சுக்குச்சி எல்லாமே குறும்பியை உள்ளே தள்ளி இறுக்குபவை. துளையின் தோல் தானே மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்ந்து குறும்பியைக் கொண்டுவந்துவிடும், காதின் வெளிவாசலுக்கு வந்ததை மட்டும் துணியால் துடையுங்கள்.

இறங்கி இரண்டு நாளாகியும் அடைப்பு விடாவிட்டால், காய்ச்சலோ சீழோ வந்தால், ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும்.