பொய் சொல்லாமல் மறைக்கும் கதைசொல்லியை என்னவென்று சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோத்தகிரி, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். துப்பறியும் கதை பற்றிய எங்கள் வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. முடிவைச் சொல்லாமல் கேட்க வழியில்லை. அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டு கொலை' (1926) படிக்காதவர்கள் இந்த இழையை இப்போதே மூடிவிடுங்கள்.

கதையைச் சொல்லிக்கொண்டு வரும் டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். கையேட்டில் அவரை 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று போட்டிருந்தேன். இன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், அவர் எந்தப் பக்கத்துல பொய் சொல்றார்? காட்டுங்க." புத்தகத்தை அவளிடமே கொடுத்துத் தேடச் சொன்னேன். அவளுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை.

பிறகு கரும்பலகையில் கொலை நடந்த இரவின் நேரத்தை எழுதினேன். 8.40க்கு அக்ராய்டிடம் கடிதம் வந்தது. 8.50க்கு டாக்டர் கிளம்பினார். கடிதம் இன்னும் படித்து முடிக்கவில்லை. 9 மணி அடிக்கும்போது வெளிக் கேட்டைத் தாண்டுகிறார். ஐந்து நிமிட நடைக்குப் பத்து நிமிடம். 9.30க்கு மூடிய கதவுக்குள் அக்ராய்டின் குரல் கேட்கிறது. 9.45க்கு அவரை உயிரோடு பார்த்ததாக அவருடைய சகோதரர் மகள் ஃபுளோரா சொல்வது, பணம் எடுத்ததை மறைக்கச் சொன்ன பொய். 9.30க்குக் கேட்ட குரலோ டிக்டாஃபோன் என்ற குரல்பதிவுக் கருவியில் பதிந்தது. பேசியவர் 8.50க்கு முன்பே இறந்துவிட்டார். கூடுதல் ஐந்து நிமிடம், வேறொருவரின் ஷூவைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய், அறைக்கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு வந்ததற்கு.

இவ்வளவும் புரிந்துவிட்டது. ஆனால் 8.40, 8.50 இரண்டும் ஷெப்பர்டே எழுதிய நேரங்கள்; இரண்டும் உண்மை. நடுவில் நடந்ததைத்தான் எழுதவில்லை. அந்த எழுதாமைக்குத்தான் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

குன்னூர், செவ்வாய் காலை

அம்மா, வெளியே தேடவே வேண்டாம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். சொல்ல வேண்டியதற்குக் குறைத்துச் சொல்வது. தொல்காப்பிய மரபியலிலும் இருக்கிறது. குன்றக்கூறி என்று வைத்துவிடுங்கள்.

குன்று என்ற வேரையும் கொஞ்சம் பார்க்கலாம். மலையை விடக் குறைந்ததால் குன்று என்று சொல்வதுண்டு. அப்படியானால் உயரத்துக்குப் பெயர் வைக்கும்போதே குறைவைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரையும் குன்று, ஊர் என்று பிரிப்பவர்கள் உண்டு. வள்ளுவர் குன்று, குன்றுதல், குன்றிமணி மூன்றையும் ஒரே குறளில் கோத்திருக்கிறார்: 'குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ குன்றி அனைய செயின்.' ஊரே மதிக்கும் டாக்டர், மிரட்டிப் பணம் பறித்து, அது வெளியே வராமலிருக்க நண்பனைக் கொன்றார். 965ஆம் குறளுக்கு இதைவிட உரை வேண்டுமா?

கூடலூர், செவ்வாய் மதியம்

ஐயா, குறள் அழகுதான். ஆனால் நன்னூல் அதைக் குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. தெரியாமல், திறமில்லாமல் குறைத்துச் சொல்பவனுக்கு அது சரி. கிறிஸ்டி அளந்து குறைத்திருக்கிறார். அதே நன்னூலில் முப்பத்திரண்டு உத்திகளில் கடைசி உத்தி, உய்த்துணர வைப்பு. படிப்பவரே ஊகித்து அறிய விடுவது. பத்து நிமிட நடையைச் சொல்லியாயிற்று, இடம் மாறிக் கிடந்த நாற்காலியையும் சொல்லியாயிற்று. அந்த நாற்காலிதான் டிக்டாஃபோனைக் கதவுப் பக்கத்திலிருந்து மறைத்தது. வாசகர் உய்த்துணர எல்லாமே இருக்கிறது. உய்த்துணர்த்துநர் என்பது என் பரிந்துரை.

லவ்டேல், செவ்வாய் மாலை

அக்கா, ஐயா, இருவரும் மன்னிக்க வேண்டும். திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961இல் கொடுத்த பெயரின் தமிழ் 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று எல்லா இடத்திலும் பழகிவிட்டது. தேர்வுத்தாளிலும் அதுதான் வரும். உய்த்துணர்த்துநர் என்று பிள்ளைகள் எழுதினால் திருத்துபவர் அடித்துவிடுவார்.

அதோடு, ஷெப்பர்டு பொய்யே சொல்லவில்லை என்பதும் சரியில்லை. இரவில் போன் மணி அடிக்கிறது. பேசி முடித்துவிட்டு, அக்ராய்டு கொலையாகிக் கிடப்பதாக பட்லர் பார்க்கர் போனில் சொன்னார் என்கிறாரே? பேசியது கப்பல் வேலைக்குப் போகும் ஒரு நோயாளி, ரயில் நிலையத்திலிருந்து.

கோத்தகிரி, செவ்வாய் இரவு

தம்பி, அந்த இடத்தை இன்று மூன்று முறை படித்தேன். அது மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. ஷெப்பர்டு தன் அக்கா கரோலைனிடம் பேசும் பேச்சு. கதைக்குள் இருப்பவர்களிடம் அவர் தாராளமாகப் பொய் சொல்கிறார். நமக்கு எழுதும் வரியில் சொல்வதில்லை. பொய்யெல்லாம் நேர்கூற்றில் இருக்கிறது, கதைசொல்லியின் கூற்றில் மௌனம் மட்டும்தான். மொழிபெயர்ப்பவர் 'பார்க்கர் போன் செய்தார்' என்று கதைப்போக்கிலேயே எழுதிவிட்டால் புத்தகமே கெட்டுப்போகும்.

பார்க்கரைப் போலீசுக்குப் போன் செய்ய அனுப்பிவிட்டு, செய்ய வேண்டியிருந்த சின்ன வேலையைச் செய்தேன் என்று எழுதுகிறாரே, அந்த வரிதான் எனக்கு உயிர். டிக்டாஃபோனைப் பைக்குள் போட்டு, நாற்காலியைச் சுவரோரம் தள்ளியதுதான் அந்தச் சின்ன வேலை. இப்படி எழுதுகிறவரை 'நம்பகமற்ற' என்று எப்படிச் சொல்வேன்? எழுத்துக்கு எழுத்து நம்பலாமே.

உதகை, புதன் காலை

உண்மை, வாய்மை, மெய்மை மூன்றும் வேறு வேறு. தீமை இல்லாத சொல்தான் வாய்மை என்கிறது குறள். ஷெப்பர்டு எழுதுவதில் உண்மை உண்டு, வாய்மை இல்லை. 'வாய்மையிலி' பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. தண்டியலங்காரச் சித்திரகவிகளில் காதைகரப்பு என்று ஒன்று. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும். கடைசியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று படித்தால் வெளியே வரும். முடிவு தெரிந்தபின் பின்னாலிருந்து திரும்பப் படிக்க வேண்டிய இந்தக் கதைக்கு இதை விடப் பொருத்தம் ஏது? காதைகரப்பர்.

கோத்தகிரி, புதன் மதியம்

பொருத்தம்தான் ஐயா, மனசு அதில்தான் நிற்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கரப்பர் என்றதும் கரப்பான் பூச்சியா என்று கேட்டுவிட்டார்கள். மறைத்துச் சொல்பவர் என்ற பொருளில் கரந்துரைப்பவர் என்று மாற்றினேன். பாதிப் பேர் கரந்துறை என்று வல்லின றகரம் போட்டார்கள். ஒளிந்து வாழ்வது என்று பொருளே மாறிவிடுகிறது.

கேத்தி, புதன் இரவு

சொல் பற்றி எனக்குக் கருத்தில்லை. கையேட்டு வரைவில் துப்பறிவாளர் பொய்ரோ பூசணிக்காயைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிகிறார் என்று இருக்கிறது. அது பூசணி இல்லை, சுக்கினி வகை. எங்கள் தோட்டத்தில் பிஞ்சாக அறுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறோம். அறுக்காமல் விட்டால் முழங்கை நீளத்துக்குப் பருக்கும். அதைத்தான் அவர் வளர்க்கிறார். பூசணி என்றால் பிள்ளைகள் வேறு அளவில் நினைத்துக்கொள்வார்கள்.

கோத்தகிரி, வியாழன் இரவு

சுக்கினி என்று திருத்திவிட்டேன், நன்றி அண்ணா. அச்சகத்துக்கு நாளை காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். மழையில் கரன்ட் இரண்டு முறை போய்விட்டது. இதற்கு மேல் இழுக்க முடியாது. 'நம்பகமற்ற கதைசொல்லி' பொதுப்பெயராக இருக்கட்டும், தேர்வுக்கு உதவும். அதில் ஒரு வகையாக 'குன்றக்கூறும் கதைசொல்லி' போடுகிறேன். குன்னூர், லவ்டேல், கேத்தி மூவரும் சரி என்றார்கள். உதகை ஐயா பதில் எழுதவில்லை.

கூடலூர், வியாழன் இரவு

நேரம் இல்லை என்பதால் தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு இழையில் இருக்கட்டும். உத்தி ஒன்றைக் குற்றத்தின் பெயரில் அச்சடிக்கிறோம். கடைசி அத்தியாயத்தில் ஷெப்பர்டு அந்த 8.40 வரியைத் தானே எடுத்துக் காட்டுகிறார். அதற்குப் பின்னால் வரிசையாக நட்சத்திரக் குறி போட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களா என்று கேட்கிறார். குறைத்ததில் அவருக்குப் பெருமை. குன்றக் கூறியவன் இப்படிப் பெருமைப்படுவானா அம்மா? அடுத்த பதிப்புக்கு முன் இதே இழையில் மறுபடி கேட்பேன்.