மணல் தோட்டத்தில் டைமாண்டியா வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

கேப் டவுன், ரைலண்ட்ஸ்:
எங்கள் வீடு கேப் ஃப்ளாட்ஸ் மணலில். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிடும். 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்ததும் கிக்குயூ புல்தரை காய்ந்து சருகானது, அதை மறுபடி வளர்க்க எனக்கு மனசு வரவில்லை. இந்த மாகாணத்துச் செடியே வேண்டும் என்று நர்சரியில் கேட்டு, தரையோடு பாய் போலப் படரும் டைமாண்டியா வாங்கினேன். அகுல்யாஸ் முனைப் பக்கத்துச் சமவெளியில் தானாக வளர்வது, விரலளவு உயரம்கூட வராது.

குளிர்கால மழைக்கு முன், ஏப்ரல் மே மாதத்தில் நடுங்கள். ட்ரேயில் வருவதை வேரோடு சின்னச் சின்னதாகப் பிய்த்து அரைச் சாண் இடைவெளியில் வைத்தால் போதும். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் தவறக்கூடாது, தென்கிழக்குக் காற்று இளஞ்செடியை உலர்த்திவிடும். இலையைக் குனிந்து பாருங்கள்: மேலே சாம்பல் பச்சை, அடியில் பஞ்சு போல வெள்ளை. தாகம் எடுத்தால் ஓரம் சுருண்டு வெள்ளை தெரியும், அன்றைக்கு ஊற்றினால் போதும். உண்மையான வேலை களைதான். இடைவெளி மூடும்வரை கிக்குயூ வேர் எங்கிருந்தாவது தலைநீட்டிக்கொண்டே இருக்கும், கையால்தான் பிடுங்க வேண்டும்.

டர்பன், ப்ளஃப்:
அக்கா, இங்கே கதையே வேறு. மழை கோடையில்தான், புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், என் டைமாண்டியா நடுவிலிருந்து அழுகிப்போனது. எங்கள் கடற்கரைக்கே உரிய சவர் ஃபிக் என்ற சதைப்பற்று இலைப் படர்செடியின் தண்டை ஒடித்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு மணலில் செருகினேன், வீட்டுப் பின்பக்கச் சரிவு முழுக்கப் பிடித்துக்கொண்டது. வெயில் ஏறினால் கருஞ்சிவப்பு ஊதாவில் பூக்கும். கடலில் ப்ளூபாட்டில் (ஜெல்லிமீன் போன்ற உயிர்) கொட்டினால் இதன் இலைச் சாற்றைத் தடவுகிற பழக்கம் இங்கே உண்டு.

கேப் டவுன், ரைலண்ட்ஸ்:
சரிதான் தம்பி, சரிவுக்கு அதுதான் நல்லது. இங்கே வளரும் சவர் ஃபிக் வேறு வகை, மஞ்சளாகப் பூத்து, வாடும்போது இளஞ்சிவப்பாகும், பழத்தில் ஜாம் போடுவார்கள். ஆனால் மிதித்து நடந்தால் இலை நசுங்கி வழுக்கும். பிள்ளைகள் ஓடுகிற இடத்துக்கும் நடைபாதைக் கல் இடுக்குக்கும் டைமாண்டியாவைத்தான் சொல்வேன்.

கேப் டவுன், ஏத்லோன்:
அக்கா, மணல் எலி அடியில் தோண்டி டைமாண்டியாப் பாயையே தூக்கிவிடுகிறதே, என்ன செய்வது?

கேப் டவுன், ரைலண்ட்ஸ்:
மேலே குவிந்த மணலை அள்ளிவிட்டு, தூக்கிய இடத்தைக் காலால் அழுத்தி அன்றே தண்ணீர் ஊற்றுங்கள். வேர் காற்றில் காயாமல் இருந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.