கார்-டி செல் சிகிச்சை அப்பாவுக்குப் பொருந்துமா?

மஞ்சக்குப்பத்துக்காரன்: அப்பாவுக்கு பி-செல் லிம்போமா (பி-செல் என்ற வெள்ளணுவில் வரும் நிணநீர்ப் புற்று). ஜிப்மரில் கீமோ முடிந்து, கழுத்தில் மறுபடி கட்டி. கார்-டி பற்றி வாட்ஸப்பில் வருகிறதே, நம்பலாமா?

முத்தியால்பேட்டை அக்கா: வாட்ஸப்பை விடுங்க தம்பி, ஆனால் இது நிஜ மருத்துவம்தான். நோயாளியின் டி செல்களை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) பிரித்தெடுத்து, பி-செல்களின் மேல் இருக்கும் சிடி19 புரதத்தை அடையாளம் காணும் ஏற்பியை உருவாக்கும் மரபணுவைச் சேர்த்து, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்கள். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. கீமோவுக்குப் பின் திரும்பி வந்த பி-செல் நோய்க்குத்தான் அது. புது பயாப்சியில் சிடி19 இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்க.

நெல்லிக்குப்பம்: பெரியம்மாவின் மார்பகப் புற்றுக்குக் கேட்டோம், கிடையாதாம். மார்பகம் மாதிரி உறுப்புகளில் வரும் திடக்கட்டிகளில் இன்னும் ஆராய்ச்சிதான்.

மஞ்சக்குப்பத்துக்காரன்: சரிங்க அக்கா. செலவு?

முத்தியால்பேட்டை அக்கா: அமெரிக்காவில் கோடிகள், இங்கே பல லட்சம். அதுவும் சின்னத் தொகை இல்லை. செல் ஏற்றியபின் கடும் காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால் ஐசியூ உள்ள இடமாகப் பாருங்க.